ரேழிக்குப் பேர் வந்த வழி

ஒரு வீட்டு ப்ளானைப் பாத்ததுலேருந்து மனசு ஆறல. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா போகும், நிதானமா படிங்க.

மன்னார்குடிப் பக்கம் எங்க பெரியப்பா வீடு. பழைய ஓட்டு வீடு. மழைக்கு ஒழுகுது, உத்தரத்துல கரையான். மராமத்து பண்ணிடலாம்னு குடும்பத்துல எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணோம். இஞ்சினியர் வந்தார், டேப் வெச்சு அளந்தார், ப்ளான் போட்டு குடும்ப வாட்ஸப் குழுவுக்கே அனுப்பிட்டார்.

திண்ணை இருந்த இடத்துல 'சிட் அவுட்'னு போட்டிருந்தது. கூடம், 'ஹால்'. சரி, இருக்கட்டும்.

திண்ணைக்கும் முற்றத்துக்கும் நடுவுல மட்டும் சிவப்புல ஒரு கட்டம். உள்ள, 'வேஸ்ட் ஸ்பேஸ். ஹாலோட சேத்துக்கலாம்'.

அது ரேழிங்க!

நான் உடனே குழுவுல 'ரேழியை இடிக்கக் கூடாது'ன்னு எழுதினேன். அண்ணன் பொண்ணு (பெங்களூர்ல ப்ளஸ் டூ படிக்கிறா) கேட்டா: "அத்தை, ரேழின்னா என்ன?"

அவ்வளவுதான். குழு களைகட்டிடுச்சு.

ஒரு சித்தப்பா, "ரயில் பெட்டி மாதிரி நீளமா இருக்கும்ல, அதனால ரேழி"ன்னார். இன்னொருத்தர், "அது வடக்கத்தி வார்த்தைம்மா, டில்லிப் பக்கம் தேஹ்லீஸ்னு சொல்லுவான்"னார். மாமா ஒருத்தர் தமிழாசிரியரா இருந்து ரிட்டயர் ஆனவர். அவர், "ர-வுல தமிழ்ச்சொல் தொடங்காது. அதனால அது தமிழே இல்ல"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டார்.

மூணுமே சரியில்ல. (சித்தப்பாவும் மாமாவும் இதைப் படிப்பாங்க. ரெண்டு பேர் மேலயும் எனக்குப் பிரியம் ஜாஸ்தி. ஆனா சரியில்லன்னா சரியில்லதான்.)

முதல்ல ரேழியைப் பாக்காதவங்களுக்கு அது என்னன்னு சொல்லிடறேன்.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகள்ல தெருவுலேருந்து படியேறினா திண்ணை. திண்ணையைத் தாண்டி வாசக்கதவு, கனமான ஒத்தை மரக்கதவோ ரெட்டைக் கதவோ. அதைத் திறந்து நிலைப்படி தாண்டினதும் நேரா கூடத்துக்குப் போயிட முடியாது. நடுவுல ஒரு குறுகலான இடம் வரும். ரெண்டு பக்கமும் சுவர், மேல தாழ்வான மச்சு, வெளிச்சம் கம்மி. அந்தப் பக்கம் இன்னொரு கதவு. அதைத் தாண்டினா சட்டுனு வானம் திறந்து முற்றம், சுத்தித் தாழ்வாரம், அப்புறம் கூடம். வாசக்கதவுக்கும் அந்த உள்கதவுக்கும் நடுவுல இருக்கே, அதுதான் ரேழி. சில வீட்டுல ரேழியை ஒட்டியே ஒரு சின்ன அறை இருக்கும். அது 'ரேழி உள்'.

('உள்' அங்க அறைக்குப் பேர். பூஜை உள், சமையல் உள், காமரா உள். எவ்வளவு சின்ன சொல், எவ்வளவு சரியான சொல் பாருங்க.)

இப்ப பேருக்கு வரேன்.

ரேழியோட முழுப் பேர் இடைகழி.

இடைன்னா நடு. கழின்னா கழிதல், அதாவது கடந்து போறது. நாள் கழிஞ்சுதுன்னு சொல்றோமே, அந்தக் கழி. நடுவுல கடந்து போற இடம் இடைகழி. சென்னைப் பல்கலைக்கழகம் 1924லேருந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதியா போட்ட தமிழ் லெக்சிகன்ல இந்தச் சொல் இருக்கு.

"இடைகழி எப்படிம்மா ரேழி ஆகும்?"

ஆகும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. நான் சமையல்கட்டுல நின்னு திரும்பத் திரும்பச் சொல்லிப் பாத்தேன். (வீட்டுல என்னை ஒரு மாதிரியா பாத்தாங்க, பரவாயில்ல.) மெதுவா ஆரம்பிச்சு, வேகத்தைக் கூட்டிக்கிட்டே போங்க. இடைகழி, இடைகழி, இடகழி... முதல்ல காணாமப் போறது நடுவுல இருக்கிற 'க'. ரெண்டு உயிரொலிக்கு நடுவுல மாட்டிக்கிட்ட 'க' பேச்சுல கரையறது தமிழுக்குப் பழக்கம்தான். பகுதி, பாதி ஆச்சு. மிகுதி, மீதி ஆச்சு. துகள், தூள் ஆச்சு. சாம்பார் கலக்கற அகப்பை எங்க பாட்டி வாயில ஆப்பை. எல்லாத்துலயும் 'க' கரைஞ்சு, பக்கத்து ஒலி நீண்டிருக்கு. அதே கணக்குதான் இங்கயும். இடைகழி, இடேழி ஆச்சு.

அடுத்து முன்னாடி இருக்கிற 'இ' உதிரும். இரண்டை ரெண்டுங்கறோம். இறக்கையை றெக்கைங்கறோம். இடேழி, டேழி ஆச்சு. எங்க பெரிய பாட்டி கடைசி வரைக்கும் டேழின்னுதான் சொன்னாங்க. பல்லு போனதால அப்படிச் சொல்றாங்கன்னு வீட்டுல நினைச்சோம். பாவம், அவங்கதான் மூலத்துக்குப் பக்கத்துல இருந்திருக்காங்க!

கடைசியா 'ட' மாறி 'ர' ஆச்சு. இடேழியில இருந்த மாதிரி சொல்லுக்கு நடுவுல வர்ற 'ட'வைச் சொல்றப்போ நாக்கு நுனி மடங்கி லேசா மேல தட்டிட்டு வரும். 'ர'வும் கிட்டத்தட்ட அதே தட்டல்தான், கொஞ்சம் முன்னாடி. வேகமா பேசற வாயில ரெண்டுக்கும் நடுவுல தூரம் ரொம்பக் கம்மி. டேழி, ரேழி.

இதுக்குள்ளயே மாமாவுக்குப் பதில் இருக்கு. 'ர' தமிழ்ல மொழிமுதல்ல வராதுங்கிற இலக்கண விதி சரிதான். அதனாலதானே இராமன்னு முன்னாடி ஒரு 'இ' போட்டு எழுதறோம். ஆனா ரெண்டுங்கிற சொல்லும் 'ர'லதான் ஆரம்பிக்குது. அதைத் தமிழ் இல்லன்னு மாமா சொல்ல மாட்டார். ரேழியோட 'ர' பிறவியிலயே வந்தது இல்ல, தேஞ்சு தேஞ்சு முன்னாடி வந்து நின்னது. எவ்வளவு தேஞ்சாலும் கடைசி 'ழி' மட்டும் பத்திரமா இருக்கு பாருங்க. வடக்கேருந்து வந்த சொல்லுக்கு ழகரம் அவ்வளவு சுலபமா கிடைக்குமா?

சரி, ஒலி பொருந்துதுன்னா மட்டும் போதாது. ஒலி பொருந்தறதை வெச்சு எதையும் எதோடயும் முடிச்சுப் போட்டுடலாம், சித்தப்பா ரயிலைப் போட்ட மாதிரி. அந்தப் பேர்ல அந்த இடம் பழைய தமிழ்ல உண்மையிலயே இருந்திருக்கணும்.

இருந்திருக்கு. எங்க இருந்திருக்குன்னு தெரிஞ்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு.

திருக்கோவிலூர்.

தென்பெண்ணைக் கரையில இருக்கற ஊர். இப்ப கள்ளக்குறிச்சி மாவட்டம். உலகளந்த பெருமாள் கோயில் இருக்கற திவ்யதேசம். முதலாழ்வார்கள் கதை தெரிஞ்சவங்க இந்நேரம் தலையாட்டியிருப்பீங்க. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன் (எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காத கதை).

காஞ்சிபுரத்துல பிறந்தவர் பொய்கையாழ்வார். மாமல்லபுரத்துக்காரர் பூதத்தாழ்வார். மயிலாப்பூர்க்காரர் பேயாழ்வார். மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அறிஞ்சதில்ல. ஊர் ஊரா போய்க்கிட்டிருந்தவங்க. ஒரு ராத்திரி திருக்கோவிலூர்ல நல்ல மழை, கும்மிருட்டு. மிருகண்டு முனிவரோட ஆசிரமத்து இடைகழியில பொய்கையாழ்வார் வந்து ஒதுங்கிப் படுக்கறார். கொஞ்ச நேரத்துல பூதத்தாழ்வார் வந்து இடம் கேக்கறார். ஒருத்தர் படுக்கலாம், ரெண்டு பேர்னா உக்காரலாம், வாங்கன்னு இவர் எழுந்து உக்காந்துடறார். அப்புறம் பேயாழ்வார் வர்றார். ரெண்டு பேர் உக்காரலாம், மூணு பேர்னா நிக்கலாம். மூணு பேரும் நிக்கறாங்க.

நிக்கறப்போ நாலாவதா யாரோ நெருக்கற மாதிரி இருக்கு. இருட்டுல யாருன்னு தெரியல. விளக்கு வேணும். எண்ணெயும் திரியும் அங்க ஏது? பாட்டால விளக்கேத்தறாங்க. பொய்கையாழ்வார் இந்த உலகத்தையே அகலாக்கி ஏத்தறார். பூதத்தாழ்வார் அன்பை அகலாக்கி ஏத்தறார். அந்த வெளிச்சத்துல பெருமாளைக் கண்டுட்டேன்னு பேயாழ்வார் பாடறார். ஆளுக்கு நூறு வெண்பா. முதல் திருவந்தாதி, இரண்டாம் திருவந்தாதி, மூன்றாம் திருவந்தாதி. நாலாயிர திவ்யப் பிரபந்தத்துல இயற்பாங்கிற பகுதி தொடங்கறதே இந்த மூணுலதான்.

அதுல, முதல் திருவந்தாதி 86ஆம் பாட்டுல, பொய்கையாழ்வார் கோவல் (அதாவது திருக்கோவிலூர்) இடைகழின்னே பேர் சொல்லிப் பாடறார். மழைக்காக மலையைத் தூக்கின நீ, வாசல் தாண்டி வெளியேயும் போகாம, வீட்டுக்குள்ளேயும் வராம, இந்த இடைகழியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டியேங்கிறது அந்தப் பாட்டோட சாரம்.

இதைப் படிச்சிட்டு புஸ்தகத்தை மூடி வெச்சிட்டேன். வெளியேயும் போகல, உள்ளேயும் வரல. ரேழிக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த அகராதியும் தர முடியாது! ஏழாம் நூற்றாண்டு வாக்குல பாடின பாட்டு. அந்த வரியில இருக்கற இடமும், செருப்பை விட்டுட்டு வான்னு அம்மா கத்தற இடமும் ஒண்ணு.

அந்தப் பாட்டுல வாசலைக் கடைன்னு சொல்வார். பழைய தமிழ்ல கடைன்னா வாசல். (புழக்கடைங்கறோமே, அந்தக் கடை. அரசாங்கமே 'புறக்கடைக் கோழி வளர்ப்பு'ன்னுதான் எழுதுது. அங்க கோழிக்கடை கிடையாது, பின்வாசல்தான்.) வெளியே கடை, நடுவுல இடை.

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இன்னொரு விஷயம் அந்த அளவு. ஒருத்தர் படுக்கலாம், ரெண்டு பேர் உக்காரலாம், மூணு பேர் நிக்கலாம். அடி, முழம் எதுவும் சொல்லல. உடம்பை வெச்சே இடத்தை அளந்துட்டாங்க. இதைப் படிச்ச பிறகு ஊருக்குப் போனப்போ தம்பியையும் அத்தை பையனையும் கூப்பிட்டு ரேழியில முயற்சி பண்ணிப் பாத்தோம். எங்க ரேழி நீளவாட்டுல நல்ல பெரிசு, ஒரு சைக்கிளும் நெல்லு மூட்டைகளும் வெச்ச பிறகும் இடம் இருக்கும். அகலவாட்டுல தம்பி குறுக்கே படுத்தான். தலை ஒரு சுவர்ல, கால் இன்னொரு சுவர்ல. முட்டியை மடக்க வேண்டியிருந்துது. அந்த ஒரு படுக்கை அகலத்துக்குள்ள ரெண்டு பேர் சம்மணம் போட்டு உக்காந்தா தோள் உரசுது. மூணு பேர் நின்னா நாலாவது ஆள் வந்தா நிச்சயம் தெரியும்!

கதையை உண்டாக்கினவங்க ரேழியில நின்னு பழகினவங்க. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

இன்னொண்ணும் யோசிச்சேன். அந்த மூணு பேரும் வீட்டுக்காரரைக் கேக்கல, கதவைத் தட்டல. பேசாம வந்து ஒதுங்கினாங்க. ஏன்னா திண்ணையில சாரல் அடிக்கும். கூடத்துக்குப் போக முன்பின் தெரியாதவனுக்கு உரிமை கிடையாது. கூரை வேணும், ஆனா வீட்டுக்குள்ள நுழைஞ்சதாவும் ஆகக் கூடாதுன்னா இருக்கறது ஒரே இடம். மழை வந்தா தபால்காரர் எங்க ரேழியிலதான் நிப்பார். பாத்திரத்துக்கு ஈயம் பூசறவர், கீரைக்காரம்மா கூடை எல்லாம் அங்கதான். யாரும் வாங்கன்னு சொல்ல மாட்டாங்க, ஏன் வந்தீங்கன்னும் கேக்க மாட்டாங்க. உலகத்தையே மூணு அடியில அளந்தவர்னு சொல்ற பெருமாள் வந்து ஒதுங்கினதும் அப்படி ஒரு இடத்துலதான்.

இப்ப அந்த வடக்கத்தி வார்த்தைக்கு வரேன். சொன்னவர் சும்மா சொல்லல. திருக்கோவிலூர்ப் பெருமாளுக்கு வடமொழியில தேஹளீசன்னு பேர். வேதாந்த தேசிகர் 'தேஹளீச ஸ்துதி'ன்னே பாடியிருக்கார். தேஹளின்னா சமஸ்கிருதத்துல வீட்டு நிலைப்படி, வாசல்படி. இந்தி, உருதுல தேஹ்லீஸ் அதே பொருள்ல இருக்கு. டில்லிங்கிற ஊர்ப்பேரே அந்தச் சொல்லுலேருந்து வந்ததுன்னு ஒரு கருத்தும் உண்டு.

ஆனா பொய்கையாழ்வார் பாட்டுல இருக்கறது இடைகழி. தேசிகர் பிறந்தது 1268ல. ஆழ்வார் காலத்துக்குப் பல நூறு வருஷம் பிந்தி. தமிழ்ல ஏற்கெனவே இருந்த ரேழிக்காரப் பெருமாளுக்கு வடமொழியில வெச்ச பேர்தான் தேஹளீசன்னு நான் எடுத்துக்கறேன். படிக்கும் ரேழிக்கும் வித்தியாசமும் இருக்கு. படியைத் தாண்டலாம், அதுல மூணு பேர் நிக்க முடியாது.

(நிலைப்படின்னதும் ஞாபகம் வருது. வடமொழியில 'தேஹளீ தீப ந்யாயம்'னு ஒண்ணு சொல்லுவாங்க. வாசப்படியில வெச்ச விளக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்துல வெளிச்சம் தரும். அது மாதிரி வாக்கியத்துக்கு நடுவுல நிக்கற ஒரு சொல் முன்னாடி இருக்கறதுக்கும் பின்னாடி இருக்கறதுக்கும் சேர்ந்து பொருள் தரும். நம்ம தண்டியலங்காரத் தீவக அணியிலயும் இடைநிலைத் தீவகம் இருக்கு. தீவகம்னாலும் விளக்குதான். நடுவுல விளக்கு வெச்சா ரெண்டு பக்கமும் தெரியும்னு பாத்தவங்க ரெண்டு மொழியிலயும் இருந்திருக்காங்க.)

இடைகழியைத் தேடப் போனா இன்னொரு இடத்துல வழி மாறிடும், எச்சரிக்கையா இருங்க. கிழக்குக் கடற்கரைச் சாலையில, செய்யூர்ப் பக்கம், இடைக்கழிநாடுன்னு ஒரு பேரூராட்சி இருக்கு. பழைய பேர்தான். சிறுபாணாற்றுப்படை பாடின நத்தத்தனாருக்கு அடைமொழியே இடைக்கழிநாட்டு நல்லூர். ஆஹா, ஒரு நாட்டுக்கே ரேழின்னு பேர் வெச்சிருக்காங்களேன்னு துள்ளத் தோணும். ஆனா அங்க கழிங்கறது உப்பங்கழி. கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்ட நிலத்துண்டு அது. எழுத்துல ஒண்ணு மாதிரி, பொருள்ல வேற. (ஆனாலும் ரெண்டு பக்கமும் தண்ணி இருக்க, நடுவுல நீளமா ஒரு நிலம்... வரைபடத்துல பாத்தா ரேழி மாதிரிதான் இருக்கு. இது வெறும் என் ஆசை, ஆராய்ச்சி இல்ல.)

உண்மையான சொந்தக்காரன் கோயிலுக்குள்ள இருக்கான். கருவறைக்கும் அர்த்தமண்டபத்துக்கும் நடுவுல ஒரு சின்ன இடம் வரும்ல, அந்தராளம்னு சொல்றது? தமிழ்ல அதுக்கு இடைநாழி. மலையாளத்துல இன்னிக்கும் வீட்டு நடைவழிக்கும் ஆஸ்பத்திரி நீள வராந்தாவுக்கும் 'இடநாழி'ன்னுதான் பேர். அங்க அந்தச் சொல்லை யாரும் வேஸ்ட்னு தூக்கிப் போடல.

இஞ்சினியருக்கும் நான் ஒண்ணு சொல்லணும். (அவர் நல்ல மனுஷர், வேலை சுத்தம். பேர் தெரியாததால வந்த வினை இது.) நம்ம ஊர் மே மாசத்துல மதியம் ரெண்டு மணிக்கு அந்த வீட்டுல எங்க படுத்தா தூக்கம் வரும்னு எங்க வீட்டுக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். ரேழி. தாத்தா கட்டில் அங்கதான் கிடந்தது. ஏன்னா வாசல்ல நின்னு பாத்தா ரேழி, முற்றம், கூடம், ரெண்டாம் கட்டு எல்லாம் தாண்டி கொல்லைக் கிணறு வரைக்கும் ஒரே நேர்க்கோட்டுல தெரியும். திறந்த முற்றத்துல வெயில் விழுந்து காத்து சூடாகி மேல போகும். அந்த இடத்தை நிரப்ப வெளிக்காத்து உள்ள வந்தாகணும். வர்றதுக்கு இருக்கற வழி இந்தக் குறுகலான நிழல் சந்து. அகலமான இடத்துலேருந்து குறுகலான வழியில நுழையற காத்து வேகம் பிடிக்கும். இதை இடிச்சு ஹாலோட சேத்தா ஹால் பெரிசாகும், காத்து செத்துடும். அப்புறம் ஏசி போடணும். அந்த ஏசிக்காக முற்றத்துக்குக் கண்ணாடி மூடி போடணும். ஒரு சுவர்ல ஆரம்பிச்சு வீடே மாறிடும்.

வெளிச்சத்துக்கும் இதே கணக்கு. வெயில்லேருந்து வர்ற கண்ணு அந்த அரையிருட்டுல கொஞ்சம் இளைப்பாறிட்டுத்தான் முற்றத்து வெளிச்சத்தைப் பாக்கும். தெருவுல போறவனுக்கு வாசக்கதவு திறந்திருந்தாலும் கூடத்துல சாப்பிடறவங்க பளிச்சுனு தெரிய மாட்டாங்க.

இவ்வளவு ஆசையா சொல்லிட்டு இதைச் சொல்லாம விட்டா நியாயமில்ல. ரேழி எல்லாருக்கும் ஒரே மாதிரி திறந்திருக்கல. யார் தெருவோட நிக்கணும், யார் திண்ணை வரைக்கும், யார் ரேழி வரைக்கும், யார் கூடத்துல உக்காரலாம்னு சாதி பாத்துதான் கோடு போட்டு வெச்சிருந்தாங்க. எங்க வயல்ல உழுத மனுஷர் மழையில நனைஞ்சுக்கிட்டு வாசல்லயே நின்னதை அப்பா சொல்லியிருக்கார். அதைச் சொல்றப்போ அவர் குரல் இறங்கிடும். முன்பின் தெரியாத மூணு பேர் தோளுரசி நின்ன இடம்னு ஆயிரம் வருஷமா கொண்டாடற கதையைப் பாராயணம் பண்ற ஊர்ல, தினம் பாக்கற மனுஷருக்கு அந்த இடம் கிடைக்கல. எனக்கு அது ஆறாத கோபம்.

பொம்பளைங்களுக்கும் ரேழி ஒரு எல்லைதான். திண்ணையில ஆம்பளைங்க நிலத்தகராறு, கல்யாணம், அரசியல் பேசுவாங்க. ரேழிக் கதவுக்குப் பின்னாடி நின்னு பாட்டி எல்லாத்தையும் கேப்பாங்க. பாட்டி திண்ணையில உக்காந்து நான் பாத்ததே இல்ல. ஆனா அன்னிக்கு ராத்திரி தாத்தா எடுக்கற முடிவு பாட்டி ரேழியில நின்னு எடுத்த முடிவா இருக்கும். மாதவிலக்கு நாள்ல சில வீட்டுல ரேழி உள்ளுலதான் ஒதுங்கி இருக்கணும். அந்தக் கோடுகளைத்தான் அழிக்கணும். காத்து வர்ற சுவரை விட்டுடுங்க.

ரேழியை எல்லா ஊர்லயும் ரேழின்னு சொல்றதில்ல. நடைங்கிறது இன்னொரு பேர். சபரிமலையில நடை திறந்தாச்சுன்னு பேப்பர்ல படிக்கறோம், கோயில்ல நடை சாத்திட்டாங்கன்னு சொல்றோம், அந்த நடை. நடந்து போற வழின்னு அதுவும் இடைகழி மாதிரியே கால் வெச்ச பேர்தான். இதே வீட்டுல அடுக்களைக்குப் பேர் வந்தது வேலையால. அடுன்னா சமைக்கறது, அடுப்பு, அட்டில், அடிசில் எல்லாம் அதோட உறவு. காமரா உள்ளுல இருக்கற காமரா போர்த்துகீசியர்கிட்டேருந்து வந்தது. அவங்க மொழியில காமராவே அறைதான், பக்கத்துல தமிழ் உள்ளையும் சேத்து ரெண்டு தடவை அறைன்னு சொல்லிக்கிட்டிருக்கோம். ஜன்னல், சாவி, அலமாரியும் அதே கப்பல்ல வந்ததுதான். ரேழி மட்டும் இந்த ஊர்லயே நடந்து நடந்து தேஞ்சது.

அண்ணன் பொண்ணுக்கு இதெல்லாம் வாய்ஸ் நோட்டா அனுப்பினேன். அவ கேட்ட அடுத்த கேள்விக்கு உங்க உதவி வேணும். "மதுரைப் பக்கம், கொங்குப் பக்கம், யாழ்ப்பாணத்துல எல்லாம் இதுக்கு என்ன பேர் அத்தை?"

செட்டிநாட்டுக்காரங்க முகப்பு, வளவு, பட்டாலைன்னு சொல்றது தெரியும். திருநெல்வேலிப் பக்கம் பட்டாசாலைம்பாங்க. ஆனா வாசக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவுல இருக்கற அந்தத் துண்டு இடத்துக்குன்னு உங்க பாட்டி என்ன பேர் சொன்னாங்க? இப்ப எழுதறதுல இருக்கற பேர் வேண்டாம், பாட்டி வாயில வந்த பேர் வேணும். க கரைஞ்சு, இ உதிர்ந்து, எப்படித் தேஞ்சிருந்தாலும் அப்படியே எழுதுங்க. திருத்தாதீங்க. ஊர்ப் பேரையும் சேத்து எழுதுங்க.